பின்வரிசைப் பேழைகள்

வெயில் ஏற ஏற விமானத்தின் வலிமை குறையும். சூட்டில் காற்று மெலிந்துவிடுவதால், விடியலில் எளிதாகச் சுமந்த எடையை அதே விமானம் அதே ஓடுதளத்திலிருந்து பிற்பகலில் சுமக்க மாட்டாது. ஆதலால் கோடைப் பிற்பகல்களில் எதையேனும் இறக்கி வைத்துவிட்டுத்தான் அது புறப்படும். உறந்தை ஏர் கார்கோ நிறுவனத்தில் எதை இறக்குவது என்று முடிவு செய்பவள் திலகவதி. அவள் கையெழுத்து இல்லாத எடைத்தாளோடு அந்நிறுவனத்தின் விமானம் நகர்ந்தது இருபத்தாறு ஆண்டுகளில் ஒருமுறையும் இல்லை.

அன்று சித்திரை பதினொன்று. பகல் பன்னிரண்டு மணிக்கே திருச்சியில் நாற்பத்திரண்டு பாகை வெப்பம். மூன்று மணிக்குத் துபாய் செல்லும் விமானத்தில் அறுநூற்றிருபது கிலோ குறைக்க வேண்டும் என்று கணினி சொல்லிற்று. திலகவதி எடைத்தாளை மேலிருந்து கீழாகப் படித்தாள். முதலில் மருந்து. அடுத்து உயிருள்ள கோழிக்குஞ்சுகள். பிறகு மல்லிகை, இறால், வெற்றிலை, முருங்கைக்காய். அழுகாத சரக்குகள் அதற்குக் கீழே. எல்லாவற்றுக்கும் அடியில், கடைசி வரியில், துயிலர் அறுவர்.

ஒரு துயிலரின் எடை பேழையோடு சேர்த்து முந்நூற்றுப் பத்து கிலோ. இருவரை அடித்து நீக்கினாள். கணக்கு நேர்த்தியாக விழுந்தது.

"மேடம், ரெண்டு பொட்டிய எறக்கியாச்சு," என்று வாக்கிடாக்கியில் ராயப்பனின் குரல் வந்தது. ஏற்றுமுற்றத்தின் மேற்பார்வையாளர் அவர். திலகவதியைவிட நான்கு வயது மூத்தவர். "முருங்கக்கா மட்டும் ஜம்முனு போவுது. அதுக்கு இருக்குற யோகம் மனுசனுக்கு இல்ல."

"முருங்கக்கா வாடிப்போயிரும் அண்ணே."

"ஆமாமா, மனுசன் வாடமாட்டான்."

துயிலர் என்பது சட்டம் இட்ட பெயர். உடலைக் குளிர்வித்து, மூச்சையும் நாடியையும் ஏறத்தாழ நிறுத்தி, மனிதனைப் பேழையில் கிடத்தி அனுப்பும் முறை வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இருக்கை வேண்டாம், உணவு வேண்டாம், சன்னல் வேண்டாம். விமானச் சீட்டுக்கு வழியில்லாத தொழிலாளர்கள் வளைகுடாவுக்கு அவ்வாறே போனார்கள். இங்கே கண்ணை மூடினால் வேலைக்களத்து மருத்துவமனையில் கண்ணைத் திறக்கலாம். விழித்திருப்பவன் பயணி, துயில்பவன் சரக்கு என்று நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது.

சரக்கு என்றாகிவிட்டால் அதற்கு ஒரு வரிசை வேண்டும். அவ்வரிசையை வகுப்பதற்காகக் கூடிய கூட்டத்தில் திலகவதி கேட்டது ஒரே கேள்வி: "இது கெடுமா?" வந்திருந்த மருத்துவர் கெடாது என்றார். ஓராண்டு கிடந்தாலும் பத்தாண்டு கிடந்தாலும் நகம்கூட வளராது என்றார். "அப்ப இதுதான் கடைசி," என்று அவள் எழுதிக் கொடுத்தாள். தொழில் தெரிந்த எவரும் அவ்வாறே எழுதியிருப்பர்.

உறந்தையின் தொழிலறிவு முழுவதும் பூவிலிருந்து வந்தது. நிறுவனர் நாச்சியப்பன் ஒரு பழைய பயணிகள் விமானத்தை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மல்லிகையும் வெற்றிலையும் வாழையிலையும் ஏற்றிச் சிங்கப்பூருக்கு அனுப்பியவர். முதல் மழைக்காலத்தில் இரண்டு நாள் விமானம் கிளம்பவில்லை, பூ தேங்கிற்று. நேற்றைய பூ வீணாகலாகாதென்று அதையே அவர் முதலில் ஏற்றினார். இன்றைய பூ நாளைக்குக் காத்திருந்தது. நாளைய பூ அதற்கு மறுநாளைக்கு. இப்படியே அம்மழைக்காலம் முழுதும் சிங்கப்பூரில் போய் இறங்கியதெல்லாம் வாடிய பூ. ஒரு நாள் தேங்கியதைக் காப்பாற்றப் போய் ஒரு பருவமே பாழாயிற்று. அதன்பின் அவர் ஒரு விதி செய்தார். கிடங்குச் சுவரில் ஆளுயர எழுத்தில் அது இன்றும் இருக்கிறது: கடைசியாக வந்தது முதலில் ஏறும். தேங்கியதைத் தலைமுழுகிவிட வேண்டும். போவது புதிதாகப் போக வேண்டும். அந்த ஒரு விதியால் ஒரு விமானம் ஐந்தாகியது. இறால் வந்தபோது இறாலுக்கும், குஞ்சுகள் வந்தபோது குஞ்சுகளுக்கும் அவ்விதியே நின்றது. பேழைகள் வந்தபோது, வேறு விதி உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு மணிக்கு ராயப்பன் அவள் அறைக்கே வந்தார்.

"மேடம், கேட்டுல ஒரு அம்மா ஒக்காந்துருக்கு. அறந்தாங்கிப் பக்கமாம். சரக்கு ஏத்துன ஏர்வே பில்லு கையில வச்சிருக்கு. கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணுங்கன்னு செக்யூரிட்டி சொன்னா, 'பதினாலு மாசமா அதத்தான் பண்றேன்'னுது. என்னா செய்ய?"

"வரச் சொல்லுங்க."

வந்தவள் பெயர் தெய்வானை. முப்பத்து நான்கு வயதிருக்கலாம். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள் என்று தானே சொன்னாள். நாற்காலியின் நுனியில் அமர்ந்து, பாலிதீன் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"எங்க வீட்டுக்காரருங்க. அடைக்கலம்னு பேரு. போன வருசம் மாசி மாசம் இங்கருந்து போனாரு. போய்ச் சேந்தாரா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க."

"போன் எதுவும் வரலையாம்மா?"

"ஏஜெண்டு, பாலைவனத்துல வேல, டவர் கெடைக்காதுங்கிறான். பதினாலு மாசமாவா டவர் கெடைக்காது? ஒட்டகம் மேய்க்கிறவங்ககூட வீடியோ போடுறாங்க." ராயப்பன் சிரித்துவிட்டு, அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "ஒங்க கம்பெனி நம்பருக்குப் போட்டா 'அனுப்பும் நிலையில் உள்ளது'ன்னு ஒரு பொம்பளக் கொரலு சொல்லுது. மொத நாளு சொன்னதத்தான் நேத்தும் சொல்லுச்சு. அந்தப் பொண்ணுக்கு வேற வார்த்த தெரியாதுபோல."

திலகவதி தாளில் இருந்த எண்ணைக் கணினியில் இட்டாள். விடை உடனே வந்தது. கிடங்கு, ஏழாம் வரிசை, இரண்டாம் தட்டு. அனுப்பும் நிலையில். வந்த நாள், மாசி பத்தொன்பது.

மறுபடியும் எண்ணை இட்டாள். மறுபடியும் அதுவே வந்தது.

நாள்தோறும் மாலையில் அவள் மேசைக்கு ஓர் இருப்புக் கணக்கு வரும். துயிலர் இருப்பு முப்பத்தெட்டு, முப்பத்தாறு, நாற்பது, முப்பத்தெட்டு என்று ஆண்டு முழுவதும் அந்த எண் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றது. நிலையான எண்ணை அவள் நலத்தின் அறிகுறியாகக் கொண்டிருந்தாள். காவிரியில் நீர்மட்டம் மாறாதிருந்தாலும் நீர் மாறிக்கொண்டே இருப்பதுபோல, ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள் என்று எண்ணினாள். மேல்நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மடுவின் அடிநீர் நகராமல் நிற்கக்கூடும் என்பது இருபத்தாறு ஆண்டுகளில் அவளுக்குத் தோன்றவில்லை.

"இங்கதாம்மா இருக்காரு," என்றாள்.

"இங்கன்னா? திருச்சியிலயா?"

"இந்தக் கட்டடத்துலயே."

தெய்வானை மேசைமேல் விரித்திருந்த தாளைப் பார்த்தாள். பிறகு, "உசுரோடயா?" என்றாள்.

"உசுரோடதான். போனப்ப எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருக்காரு."

"பதினாலு மாசமா நான் துபாய்க்காரன் பொண்டாட்டின்னு ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுறேன்," என்றாள் தெய்வானை. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

மூவரும் கிடங்கிற்குச் சென்றார்கள். முன்வரிசைகளில் பேழைகள் புத்தம் புதியவையாய் மின்னின. புதிதாக வந்ததை முன்னால் வைப்பதும் முன்னால் இருப்பதை முதலில் எடுப்பதும் இங்கே கைப்பழக்கம். ஏழாம் வரிசைக்கு வந்தபோது பேழைகளின்மேல் தூசு ஒரு விரல் கனம் படிந்திருந்தது. கோயிலில் அரவணைமேல் துயில்கொண்ட இறைவனை நாள்தோறும் பாடி எழுப்பும் ஊரின் எல்லையில்தான் அக்கிடங்கு இருந்தது. அங்கே துயில் என்பது எழுப்புவோரை நம்பியிருப்பது. பாட ஒருவரும் வாராத நாள் ஒன்று அக்கோயிலுக்கு வந்ததில்லை. இங்கே அவ்வரிசைக்கு வருவோர் இல்லை. குளிர்ப்பொறியின் ரீங்காரம் மட்டும் இருந்தது.

தெய்வானை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே ஒரு முகம். அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"கெளம்புற அன்னைக்கி அவசர அவசரமா செரச்சாரு. தாவாயில கீறிக்கிட்டாரு. நான்தான் படிகாரம் வச்சுவிட்டேன்." கண்ணாடியின்மேல் விரலை வைத்தாள். "அந்தக் கீறல் இன்னும் ஆறலையே."

செந்நிறக் கோடு ஒன்று, சற்றுமுன் கீறியதுபோல, அம்மோவாயில் இருந்தது.

ராயப்பன் தலையைத் திருப்பிக்கொண்டு, அவ்வரிசைப் பேழைகளில் தொங்கிய சரக்குத்தாள்களை எண்ணத் தொடங்கினார்.

"எழுப்பிருங்க. கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்."

"நாங்க தெறக்க முடியாதும்மா. அங்க வாங்கிக்கிற கம்பெனிகிட்டதான் தெறக்குற கோடு நம்பரு இருக்கும். சட்டம் அப்படி."

"இன்னிக்கி வண்டி இருக்குல்ல?"

"மூணு மணிக்கு இருக்கு."

"அப்ப அதுல ஏத்திவிடுங்க. போயி அங்கயாச்சும் முழிக்கட்டும். நான் பாக்கலன்னாலும் பரவால்ல. இப்புடி வேணாம்."

திலகவதி ராயப்பனைச் சற்றுத் தள்ளி அழைத்துச் சென்றாள். மணி ஒன்று ஐம்பது. எடைத்தாள் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"ஏத்துறதுக்கு வச்ச நாலுல ஒண்ண எறக்கிட்டு இவர ஏத்துங்க அண்ணே."

"ஏத்தலாம் மேடம். அங்க யாரு தெறப்பா? ஏழு நாளுக்குள்ள ஆளு வரலன்னா கம்பெனி வேற ஆள எடுத்துரும். இவரு வேல போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இங்க தூங்குறவரு அங்க போயித் தூங்குவாரு, அவ்வளவுதான். அதுக்காக எறக்குறீங்க பாருங்க, அந்தப் பையன் நேத்துதான் வந்தான், நாளைக்கி வர்றவன் அவனப் பின்னால தள்ளிருவான்."

"இனிமே பழசு முதல்லன்னு மாத்திட்டா?"

"நானும் அதத்தான் இப்ப மனசுல போட்டுப் பாத்தேன். மொத்தம் முப்பத்தெட்டு நிக்கிது. சராசரி நாளைக்கி அஞ்சு போவுது. பழசு மொதல்லன்னா, புதுசா வர்ற ஒவ்வொருத்தனும் எட்டாவது நாளுதான் ஏறுவான். கெடு ஏழு. ஒருத்தன் விடாம அத்தன பேருக்கும் வேல போயிரும்." தாடையைச் சொறிந்தார். "நாச்சியப்பன் ஐயா லேசுப்பட்ட ஆளு இல்ல மேடம். பூவுக்குச் சொன்னது மனுசனுக்கும் அப்படியே பொருந்துது. அதான் எனக்குப் பயமா இருக்கு."

திலகவதி அதை மனத்துள் மீண்டும் கணக்கிட்டாள். பிழை இல்லை. இவர்களை மாதக்கணக்கில் இங்கே கிடத்தியது ஒருவருடைய அலட்சியமாக இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"கெடு தாண்டினது எத்தன பேரு?"

"இந்த வரிசை முச்சூடும். பதினொண்ணு."

"இந்தப் பதினொண்ணையும் கணக்குலேருந்து எடுத்துட்டா?"

ராயப்பன் உதடு அசைய எண்ணினார். "இருவத்தேழு. அப்பப் பழசு மொதல்லன்னாலும் ஆறாவது நாளுக்குள்ள ஆளாளுக்கு ஏறிருவாங்க. ஒருத்தனும் தேங்க மாட்டான்." முகம் மலர்ந்து உடனே வாடிற்று. "ஆனா எடுத்து எங்க கொண்டுபோயி வைக்கிறது? இங்க தெறக்கணும்னா ஒரே வழி, டேமேஜ் ரிப்போர்ட்டு..."

சொல்லி முடிக்காமலே நிறுத்தினார்.

சட்டத்தில் ஒரு சிறு சன்னல் இருந்தது. சேதமான சரக்கைப் புறப்பட்ட இடத்திலேயே திறக்கலாம். எடைத்தாளில் கையொப்பமிடும் லோட் மாஸ்டர் சேத அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டால், நிறுவன மருத்துவர் துயிலரை எழுப்பலாம். அறிக்கை எழுதிய லோட் மாஸ்டர் விசாரணை முடியும்வரை எந்த எடைத்தாளிலும் கையொப்பமிடலாகாது. ஒரு பேழைக்கு விசாரணை ஆறு மாதம். பதினொன்றுக்கு அவளுக்கு எஞ்சிய பணிக்காலமே போதாது. திலகவதி இதுவரை ஒரு சேத அறிக்கையும் எழுதியதில்லை, முட்டைக்குக்கூட எழுதியதில்லை. அவள் தாளில் உள்ளது மெய்யாக இருக்கும் என்று ஐந்து விமானங்களின் விமானிகளும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். அவளிடம் இருந்த பெருமை அது ஒன்றே.

"வேணாம் மேடம்," என்றார் ராயப்பன். "நீங்க பொய் எழுதுனா அது ஒங்களுக்கே தாங்காது. டேமேஜுன்னா காட்டணும். எதக் காட்டுவீங்க? நகங்கூட வளரல. நீங்களே கேட்டு எழுதுனதுதான? கெடாதுன்னு."

"கேட்டேன்."

"அப்பறம்?"

திலகவதி திரும்பிப் பார்த்தாள். தெய்வானை பேழையின் பக்கத்தில் தரையில் அமர்ந்து, மற்றொரு பேழையின் தூசையும் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரென்று தெரியாத ஒருவனின் பேழை. அவளுடைய நெற்றியோரத்தில் நரை இறங்கியிருந்தது. கழுத்தில் மஞ்சள்கயிறு மட்டும் இருந்தது. உள்ளே இருந்தவனுக்கு அன்று காலை. வெளியே இருந்தவளுக்கு ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் கழிந்து அடுத்த சித்திரையும் வந்துவிட்டது.

"பொட்டிக்குள்ள மட்டும் பாத்துக் கேட்டுட்டேன் அண்ணே," என்றாள்.

முதலில் மூன்று மணி விமானத்தின் எடைத்தாளை எடுத்துச் சரிபார்த்தாள். நான்கு துயிலரும் தாளில் இருந்தவாறே இருந்தார்கள். முருங்கைக்காயும் இருந்தது. எடையும் சமநிலையும் ஒழுங்காக இருந்தன. கையொப்பமிட்டு ராயப்பனிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, வழக்கம்போல் சட்டைப்பையில் மடித்து வைக்காமல், இரு கையாலும் பிடித்துக்கொண்டு போனார்.

பிறகு சேத அறிக்கையின் கட்டைப் பிரித்தாள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுத்திருந்தன. சேதம் நேர்ந்த இடம் என்ற கட்டத்தில், உறந்தை கிடங்கு, ஏழாம் வரிசை என்று எழுதினாள். பொறுப்பானவர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். சேதத்தின் தன்மை என்ற கட்டம் நான்கு வரி அகலம் இருந்தது. அதில், பதினான்கு மாதங்கள் என்று எழுதி நிறுத்தினாள். மெய்யல்லாதது எதுவும் அத்தாளில் இல்லை என்று ஒருமுறை படித்துப் பார்த்துத் தெளிந்தபின் கையொப்பமிட்டாள்.

நிறுவன மருத்துவர் ஷாநவாஸ் தாளை வாங்கிப் படித்தார்.

"சேதம் எங்கம்மா? இயந்திரம் நல்லாத்தான் ஓடுது. நாடியும் சரியா இருக்கு."

"எழுதியிருக்கேன் டாக்டர்."

அவர் மறுபடியும் படித்தார். தெய்வானையைப் பார்த்தார். "இத வச்சுத் தெறந்தா நாளைக்கி என்னையும்தான் கேப்பாங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தார்.

துயிலரை எழுப்ப மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் விமானம் ஓடுதளத்தைக் கடந்து மேலேறிற்று. கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்து அடங்கியது. தலைமை அலுவலகத்திலிருந்து இருமுறை தொலைபேசி வந்தது. திலகவதி எடுத்து, ஆம் என்றும், நான்தான் என்றும், இன்னும் பத்து உள்ளன என்றும் விடை சொல்லி வைத்தாள். நாளை முதல் எடைத்தாளில் கையொப்பமிட மதுரையிலிருந்து ஒருவர் வருவார் என்று மறுமுனை அறிவித்தது. அவருக்காக அவள் ஒரு குறிப்பு எழுதி மேசைமேல் வைத்தாள்: துயிலரில் மட்டும் முதலில் வந்தவர் முதலில் ஏற வேண்டும், ஏழாம் வரிசையை எப்போதும் காலியாக வைக்கவும்.

ஐந்தரை மணிக்கு மேலைச் சன்னலில் வெயில் சாய்ந்திருந்தபோது பேழையின் மூடி திறந்தது. திலகவதி அடுத்த பேழைமேல் இரண்டாம் அறிக்கையை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். மயிலாடுதுறைக்காரர் ஒருவர், ஒன்பது மாதங்கள். அடைக்கலத்தின் இருமல் கேட்டு அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

அவன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தான். மருத்துவரைப் பார்த்தான். கையை மெல்ல உயர்த்தி மோவாயைத் தொட்டுப் பார்த்தான். விரலில் ஒரு துளி இரத்தம் ஒட்டியது.

"வந்தாச்சா சார்?" என்றான்.

மருத்துவர் விலகி நின்றார். அவருக்குப் பின்னால் தெய்வானை நின்றிருந்தாள். அடைக்கலம் அவளை வியப்போடு பார்த்தான். பிறகு அவ்வியப்பு மெல்லச் சிரிப்பாயிற்று.

"ஏய், நீ எப்புடி வந்த? ஒனக்கு யாரு விசா எடுத்துக் குடுத்தா? புள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வந்த?"

தெய்வானை முந்தானை நுனியை எடுத்து அவன் மோவாயில் இருந்த இரத்தத்தை ஒற்றி எடுத்தாள். அது நிற்கும்வரை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"நான் எங்கயும் வரல," என்றாள். "நீங்கதான் போகல."